ஏழாம் பிளாக்குத் தண்ணீர்

தூவானப்பட்டியில் தண்ணீருக்கு ஆள் அடையாளம் தெரியும் என்று சொன்னால் கீழ்நாட்டுக்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், சிரிக்கிறவர்களுக்கு ஆயுசு கூடும். பழனிமலையின் மேல்தட்டில், பஸ் திரும்புகிற இடத்துக்கும் அப்பால் ஐந்து மைல் தள்ளிக் கிடக்கிற அந்த ஊரில், பைன் மரங்களை வெட்டத் தொடங்கிய வருஷத்திலிருந்து இதுதான் நடைமுறை. வெட்டின மரத்தின் அடியிலிருந்து தண்ணீர் வந்தது, வந்த தண்ணீர் யாருக்கு வரவேண்டியதோ அவர்கள் வாசலைத் தேடிப் போய் நின்றது. அவ்வளவுதான் விஷயம். இதில் வாயைப் பிளக்க ஒன்றும் இல்லை என்று ஊரே ஒரு வாரத்தில் முடிவு பண்ணிவிட்டு உருளைக்கிழங்கு தோண்டப் போய்விட்டது.

அந்த மலை ஒரு காலத்தில் வெறும் புல்லாகக் கிடந்தது. மழை பெய்தால் புல் கொஞ்சம் குடிக்கும், மண் கொஞ்சம் குடிக்கும், மிச்சத்தை மண் மெல்ல மெல்ல விட்டுக்கொடுக்க ஓடை பன்னிரண்டு மாசமும் ஓடும். சும்மா கிடக்கிற மலையில் பைன் வைத்தால் மரமும் ஆச்சு, பணமும் ஆச்சு என்று எங்கோ உட்கார்ந்திருந்த யாரோ சொல்ல, நாற்று வந்தது, நட்டார்கள், நட்டதும் ஊர்க்காரர்கள்தான். மரம் வளர்ந்தது, நிழல் வளர்ந்தது, ஓடை வருஷா வருஷம் மெலிந்து மெலிந்து, இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பங்குனி மாசம் ஊற்றுக்கண்ணிலேயே நின்றுபோனது. அதற்கப்புறம் ஆடி மழைக்கும் ஐப்பசி மழைக்கும் மட்டும் தலைகாட்டிவிட்டுப் போகிற விருந்தாளி ஆகிவிட்டது.

தேவசகாயம் சார் வந்தது அதற்கு எத்தனையோ வருஷம் கழித்து. தண்ணீர் ஆராய்ச்சிக்காரர், ஒல்லி மனிதர், எதையும் அளக்காமல் நம்பமாட்டார். மரத்தை அப்படியே விட்டால் ஓடையில் எவ்வளவு தண்ணீர், மூன்றுக்கு ஒன்று வெட்டினால் எவ்வளவு, எந்தப் பக்கத்துக் காடு எவ்வளவு குடிக்கிறது என்று முழு மலைக்கும் ஒரு வரைபடம் போடவேண்டும், அதுதான் அவர் வேலை. காட்டைப் பன்னிரண்டு பிளாக்காகப் பிரித்தார். ஓடையின் குறுக்கே ஒரு சின்னச் சிமெண்டுத் தடுப்பு கட்டி, நடுவில் கூம்பாக ஒரு வெட்டு விட்டு, பக்கத்தில் அளவுகோல் ஒன்றை நட்டார். காலையும் சாயங்காலமும் அந்த அளவைப் படித்து எழுத ஆள் வேண்டும் என்றதும், எட்டாம் வகுப்பு வரை படித்த அங்காயி முன்னால் வந்து நின்றாள். ஐம்பதைத் தாண்டப்போகிற வயசு, புருஷன் செத்து ஆறு வருஷம், பேச்சு குறைவு, கால் மட்டும் ஆட்டுக்குட்டிக் கால். காட்டுக்குள் ஏறி இறங்கி மரத்துக்கு நம்பர் அடிப்பதிலிருந்து வரைபடத்தில் நீலப் பென்சில் தீட்டுவது வரை எல்லாம் அவள் கைக்கே வந்துவிட்டது. தண்ணீர் நிறைய என்றால் கரு நீலம், கொஞ்சம் என்றால் வெளிர் நீலம், இல்லை என்றால் வெள்ளை.

முதல் பிளாக்கை வெட்டின அன்றைக்கு, அடிமரத்து வளையங்களில் வெளி வளையத்திலிருந்து தண்ணீர் கசிந்து, ஒன்றுகூடி, சரிவில் இறங்கி, ஓடைக்குப் போகாமல் ஊருக்குள் திரும்பி, டீக்கடை சீரங்கன் வாசலில் ஒரு சாண் உயரத்துக்குச் சுவர் மாதிரி எழும்பி நின்றது. சீரங்கன் சொம்பைக் காட்டினான், நிரம்பியது. பக்கத்துவீட்டு ராசம்மா குடத்தைக் கவிழ்த்து அமுக்கிப் பார்த்தாள், குடம் காய்ந்தபடியே மேலே வந்தது. மரம் குடித்தது சீரங்கன் பங்கு, திருப்பித் தருவது சீரங்கனுக்கு, நடுவில் ராசம்மாவுக்கு என்ன வேலை என்று தண்ணீரே தீர்ப்புச் சொல்லிவிட்டது. சீரங்கன் தன் கையால் மொண்டு ஊற்றினால் மட்டும் ராசம்மா குடத்தில் நின்றது. அதனால் அதுவரை முகம் பார்க்காத இரண்டு வீடும் பேசிக்கொள்ளவேண்டி வந்தது.

ஊர் எதற்கும் பழகிவிடும். வெளியூருக்குக் கட்டிக்கொடுத்த பெண்களின் தண்ணீர் பிறந்த வீட்டு வாசலில் வந்து நிற்க, "ஏத்தா, உன் தண்ணி ரெண்டு நாளா நிக்கிது, வந்து அள்ளிக்கிட்டுப் போ" என்று போன் போட்டார்கள். அவர்களும் திண்டுக்கல்லிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் பிளாஸ்டிக் கேனோடு பஸ் ஏறி வந்து, அம்மா வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டு, தங்கள் பதினாறு வயசில் மரம் குடித்த தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சிறு பிள்ளைகளுக்கும், கேரட் கழுவும் வேலைக்குச் சமீபத்தில் வந்து குடியேறின குடும்பங்களுக்கும் மட்டும் பழைய தண்ணீரில் பங்கு கிடையாது. மரம் குடித்த வருஷத்தில் அவர்கள் இந்த ஊரில் இல்லையே. பிள்ளைகளுக்குப் பெற்றவர்கள் மொண்டு ஊற்றினார்கள். வந்து குடியேறினவர்களுக்கு யாராவது ஊற்றினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

செத்தவர்களின் தண்ணீர்தான் பெரும்பாடு. அதற்கு ஆள் செத்தது தெரியாது. குப்பண்ணன் வாசலில் வந்து நின்றது, குப்பண்ணன் போய்ச் சேர்ந்து ஏழு வருஷம். மகன் வெளியே வந்து, "ஐயா இல்ல, வயசாகி இறந்துட்டாரு" என்றான். தண்ணீர் அசையவில்லை. மூன்று நாள் நின்றது. அந்தத் தெருவில் அதைத் தாண்டி வேறு யார் தண்ணீரும் போகமுடியாமல் பின்னால் தேங்கி நின்றது. நாலாம் நாள் மகன் வாசலில் உட்கார்ந்து, "நெஞ்சு வலிக்குதுன்னாரு. கெழங்கு தோண்டி முடிச்சிட்டுக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன். முடிக்க ஆறு நாள் ஆச்சு" என்று அழுதான். சொல்லி முடித்ததும் தண்ணீர் குனிந்து, தெருவை விட்டு இறங்கி, சுடுகாட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஆற்றுக்குப் போய்விட்டது. செத்தார் என்றால் மட்டும் போதாது, எப்படிச் செத்தார் என்று உள்ளதைச் சொன்னால்தான் நகரும் என்று ஊர் தெரிந்துகொண்டது. அதிலிருந்து ஒரு மரியாதை பிறந்தது. செத்தவர் வீட்டு வாசலில் தண்ணீர் வந்து நின்றால் அக்கம்பக்கத்தார் உள்ளே போய்க் கதவைச் சாத்தி டிவியைச் சத்தமாக வைத்துவிடவேண்டும். வைத்தார்கள். வைத்துவிட்டுக் கதவிடுக்கில் காதையும் வைத்தார்கள், மனுஷர்கள்தானே.

அங்காயியின் புருஷன் சடையனுக்கும் வந்தது, மூன்றாம் பிளாக்கிலிருந்து. அவள் தாளிப்புக் கரண்டியோடு வெளியே வந்தாள். "குடிச்சே செத்தாரு. உன்னையில்ல, மத்ததை" என்றாள். தண்ணீர் உடனே கிளம்பிவிட்டது. அவளும் உள்ளே போய்க் குழம்பைப் பார்த்தாள். தெருவே சிரித்தது, அவளும்கூடக் கொஞ்சம் சிரித்தாள்.

வெட்டுவதற்கு முன்னால் மரத்தின் வயசு பார்க்க, விரல் தடிமனுள்ள ஒரு துளைப்பானைத் திருகி, பென்சில் மாதிரி ஒரு குச்சியை உள்ளேயிருந்து உருவி எடுப்பார்கள். அப்போது துளையிலிருந்து நாலு சொட்டு வழியும். ஊற்றுக்கண்ணைச் சுற்றி நின்ற ஏழாம் பிளாக்கில் அங்காயி அப்படித் துளைத்தபோது, வழிந்த சொட்டு பைன் சருகின் மேல் உருண்டு ஊரைப் பார்த்துக் கிளம்பியது. யார் பங்கோ என்று அவளும் பின்னாலேயே நடந்தாள். அது அவள் தெருவில் திரும்பியது, அவள் வீட்டு வாசலுக்கு வந்தது, சரி என் பங்குதான் என்று அவள் விரலை நீட்டினாள், விரலை விட்டு விலகிப் போனது. போய், வாசற்படிக்கு வலப்பக்கம் ஓரத்தில், ஒரு சின்னப் பிள்ளை உட்காருகிற அளவு இடத்தில் நின்றது. அந்த இடத்தில் உட்கார்ந்து தலைபின்னிக்கொண்ட ஒரே ஆள் அவள் மகள் பவுனு, ஒன்பது வயசு, ஓடை நின்றுபோன அந்தப் பங்குனியில் மேல்காட்டு வழுக்குப்பள்ளத்தில் விழுந்து செத்தவள்.

பிள்ளை விளையாடப் போய் வழுக்கி விழுந்துவிட்டது என்றுதான் ஊருக்குத் தெரியும். சடையனும் அதை நம்பித்தான் குடித்தான், நம்பித்தான் செத்தான். நடந்தது வேறு. ஓடை நின்று மூன்றாம் நாள், வீட்டில் பொட்டுத் தண்ணீர் இல்லை. மேலே அந்தப் பாறைப் பள்ளத்தில் கொஞ்சம் கிடக்கிறது, போய் ஒரு குடம் கொண்டுவா என்றாள் அங்காயி. பிள்ளைக்கு ராத்திரியிலிருந்து காய்ச்சல். "காலு வலிக்குதும்மா, நாளைக்குப் போறேன்" என்றது. அங்காயி விளக்குமாற்றை எடுத்துக் கெண்டைக்காலில் ரெண்டு போட்டாள். பிள்ளை அழுதுகொண்டே குடத்தைத் தூக்கிக்கொண்டு போனது. அவ்வளவுதான். எந்த அம்மாதான் அடிக்கவில்லை, எந்தப் பிள்ளைதான் அழுதுகொண்டே தண்ணீருக்குப் போகவில்லை, ஆனால் எல்லாப் பிள்ளைகளும் திரும்பி வந்தன.

வாசலில் நின்ற அந்தச் சொட்டு உச்சிவெயிலில் காய்ந்தது. அங்காயி அதுவரை கண்ணிமைக்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் தேவசகாயம் சாரின் கொட்டகைக்குப் போய், வரைபடத்தில் ஏழாம் பிளாக்கை வெள்ளையாக விட்டு, ஓரத்தில் 'தண்ணீர் இல்லை' என்று தன் கையெழுத்தில் எழுதினாள். தண்ணீர் இல்லாத பிளாக்கை வெட்டுவானேன்? விட்டுவிட்டார்கள்.

அங்கேதான் ஊர் கெட்டது. மரம் வெட்டினதில் பழைய தண்ணீர் வந்தது ஒரு பக்கம் என்றால், வெட்டினதால் மிச்சமாகிற மழைத் தண்ணீர் ஓடைக்கு வருவது இன்னொரு பக்கம். அந்தந்த வருஷத்து மழை யாருடைய பங்கும் இல்லை, எல்லாருக்கும் பொது, யார் குடத்திலும் நிற்கும். ஆனால் ஊற்றுக்கண்ணைச் சுற்றி நானூறு பைன் மரம் சேர்ந்து நின்று உறிஞ்சினால் எங்கேயிருந்து வரும்? "மத்த பிளாக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு, அளவுகோல் மட்டும் ஏறமாட்டேங்குதே, எங்கயோ இடிக்குதே அங்காயிம்மா" என்று தேவசகாயம் சார் தலையைச் சொறிந்தார். அவள் கால் நடந்து பார்த்துச் சொன்னதை அவர் ஒருநாளும் சந்தேகப்படவில்லை. எல்லாவற்றையும் அளந்த மனிதர், அவளை மட்டும் அளக்காமல் நம்பினார். நாலு வருஷம் அப்படியே போனது.

நாலாம் வருஷம் மழை பொய்த்தது. வெட்டின பிளாக்குகளின் பழைய தண்ணீரும் தீர்ந்தது. ஆளுக்கு ஆள் கொடுப்பது குறைந்தது, வீட்டுக்கு வீடு குடத்தை மூடிவைத்தார்கள். ஒரு காலை அங்காயி தடுப்புச் சுவரில் உட்கார்ந்து, ஒன்றுமில்லாத அளவுகோலைப் பார்த்து ஒன்றுமில்லை என்று எழுதிக்கொண்டிருக்கும்போது, கேரட் கழுவ வந்த குடும்பத்துப் பெண்பிள்ளை தன்ஷிகா பச்சைப் பிளாஸ்டிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மேலே ஏறிப் போனாள்.

"ஏ புள்ள, எங்க போற?"

"தண்ணிக்கு, பாட்டி."

"இந்தப் பக்கம் எங்கடி தண்ணி?"

"மேல ஒரு பாறைப் பள்ளம் இருக்காம்ல? அம்மா போகச் சொல்லிச்சு. எங்களுக்குத்தான் ஊர்ல பங்கு இல்லையே."

"உனக்கு என்ன வயசு?"

"வர்ற வைகாசிக்கு ஒம்போது முடியுது."

அங்காயி எழுந்த வேகத்தில் நோட்டு தடுப்புக்குள் விழுந்தது. ஓடிப் போய்ப் பிள்ளையின் கையைப் பிடித்தாள், பிடித்த பிடியில் பிள்ளை பயந்து, "வலிக்குது பாட்டி" என்றது. வலிக்குது என்றதும் விட்டாள். விட்டுவிட்டுக் குடத்தைப் பிடுங்கிக்கொண்டாள். அந்தப் பிள்ளையை அவள் அம்மாவிடம் கொண்டுபோய் ஒப்படைத்து, தன் வீட்டில் கடைசியாக இருந்த அரைக் குடத்தை மொண்டு ஊற்றிவிட்டு, "பள்ளத்துக்கு அனுப்புன, உன்னைக் கொன்னுபுடுவேன்" என்றாள். அந்த அம்மா, "அப்ப நாளைக்கு நீங்க ஊத்துவீங்களாக்கா?" என்று கேட்டாள். கேட்டதில் தப்பு என்ன இருக்கிறது? நாளைக்கு ஊற்ற அங்காயியிடம் ஒன்றும் இல்லை, ஏழாம் பிளாக்கைத் தவிர.

அன்று மத்தியானமே கொட்டகைக்குப் போனாள். நீலப் பென்சிலை எடுத்து ஏழாம் பிளாக்கின் வெள்ளையில் அழுத்தி அழுத்தித் தீட்டினாள், முனை ஒடிந்தது, சீவினாள், மறுபடியும் தீட்டினாள், பேப்பர் கிழிகிற வரைக்கும்.

"என்னம்மா பண்றீங்க?" என்று எழுந்தார் தேவசகாயம் சார்.

"தண்ணி இருக்கு சார். இருக்கிறதுலயே அங்கதான் அதிகம். நான் பொய் எழுதினேன்."

அவர் பேப்பர் கிழிந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். "நாலு வருஷம்மா" என்றார். அப்புறம், "ஏன்?" என்றார்.

"பயமா இருந்துச்சு சார்."

எதற்குப் பயம் என்று அவர் கேட்கவில்லை. இந்த ஊரில் இத்தனை வருஷம் இருந்தவருக்கு அது கேட்கக்கூடாத கேள்வி என்று தெரியும். ஊர் அப்படிச் சும்மா விடுமா? "எங்களை நாலு வருஷம் கருவாடாக் காயப்போட்டியே, நீயெல்லாம் மனுஷியா?" என்று ராசம்மா தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். அங்காயி தலையில் விழுந்த மண்ணைக்கூடத் தட்டிவிடவில்லை.

மூன்றுக்கு ஒன்றாக மரத்துக்கு நம்பர் அடித்ததும் அவள்தான், வெட்டும்போது பக்கத்தில் நின்றதும் அவள்தான். முதலில் வெளி வளையத்துத் தண்ணீர், போன வருஷத்தது, அதற்கு முந்தின வருஷத்தது என்று பின்னோக்கி வந்தது. தெருத் தெருவாக வாசலுக்கு வாசல் நின்றது. திட்டினவர்களே வரிசையாகக் குடம் பிடித்தார்கள். அங்காயியின் பங்கு தினமும் ஏழெட்டுக் குடம் வந்தது, வந்ததையெல்லாம் மொண்டு தன்ஷிகா வீட்டில் ஊற்றினாள். நடுவில் ஒரு கோடைமழை பெய்ய, அந்த மழை மரத்தடியில் தங்காமல் ஊற்றுக்கண்ணுக்கு இறங்கி, நின்றுபோன ஓடை முனகிக்கொண்டு நகர்ந்தது. பொதுத் தண்ணீர், யார் வேண்டுமானாலும் அள்ளலாம். தன்ஷிகா முதல் ஆளாக இறங்கிப் பச்சைக் குடத்தை முக்கினாள். அங்காயி நோட்டில், பல மாசத்துக்கு அப்புறம், ஒரு எண்ணை எழுதினாள்.

பதினோராம் நாள், சூரியன் உச்சிக்கு வந்த நேரத்தில், பவுனுவின் தண்ணீர் வந்தது.

வளையக் கணக்குப்படி அது வருகிற நாள் என்று தெரிந்து அங்காயி காலையிலிருந்தே வாசலைப் பெருக்கித் தெளித்துக் காத்திருந்தாள். இருபத்தாறு வருஷத்துத் தண்ணீர் மலையே இடிந்து வருகிற மாதிரி வரும், வீட்டை அடித்துக்கொண்டு போகும், போகட்டும் என்று பெட்டியைக்கூடக் கட்டிலின் மேல் தூக்கி வைத்திருந்தாள். ஆனால் வந்தது அப்படி வரவில்லை. ஓடை நின்றுபோனதற்கும் பிள்ளை செத்ததற்கும் நடுவில் மூன்றே நாள், அந்த மூன்று நாளில் ஒரு ஒன்பது வயசுப் பிள்ளைக்கு வரவேண்டியது எவ்வளவோ அவ்வளவுதான் வந்தது. படிக்கு வலப்பக்கம் ஓரமாக வந்து நின்றது. தினமும் தண்ணீரை அளக்கிற கண்ணுக்கு அளவு பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஒரு சின்னக் குடம். அன்றைக்கு அவள் பிள்ளையைக் கொண்டுவரச் சொன்னது அவ்வளவுதான்.

தெருவில் கதவுகள் சாத்திக்கொண்டன. டிவிகள் அலறத் தொடங்கின. ராசம்மா வீட்டில் மட்டும் டிவி போடவில்லை. அவள் கதவைத் திறந்தபடியே வைத்துவிட்டு, வெளியே வந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எதிர்த் திண்டில் உட்கார்ந்தாள். கேட்பதற்கு ஒரு ஆளாவது வேண்டாமா என்று அவளுக்குத் தோன்றியிருக்கவேண்டும்.

அங்காயி தண்ணீரின் முன்னால் உட்கார்ந்தாள்.

"பவுனு இல்ல" என்றாள். தண்ணீர் நின்றது.

"வழுக்கி விழுந்துட்டா." தண்ணீர் நின்றது.

"விளையாடப் போகல. நான்தான் அனுப்பினேன். காய்ச்சலு அவளுக்கு. காலு வலிக்குதும்மா, நாளைக்குப் போறேன்னா. நான் விளக்குமாத்தால அடிச்சேன். ரெண்டு அடி. அழுதுக்கிட்டே போனா. திரும்பிப் பாத்தா, கூப்பிடுவேன்னு பாத்தா. நான் கூப்பிடல." அவள் தண்ணீரை நெருங்கி நகர்ந்து உட்கார்ந்தாள். "உன்னைத் தேடித்தான் போனா. நீ இங்க மரத்துக்குள்ள இருந்திருக்க. அவ அங்க போனா. செத்துப்போயிட்டா. எம்புள்ள செத்துப்போயிட்டா."

எதிரில் ராசம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

தண்ணீர் குனிந்தது. அது குனிந்த பிறகுதான் அங்காயிக்குத் தான் இத்தனை வருஷம் எதைக் காத்து வைத்திருந்தோம் என்பது விளங்கியது. வெட்கத்தை இல்லை. ஊர்ப்பேச்சுக்குப் பயந்ததும் இல்லை. பவுனு செத்தது ஊருக்குத் தெரியும், மலைக்குத் தெரியும், வழுக்குப்பள்ளத்துக்குத் தெரியும், பெற்றவளுக்கும் தெரியும். தெரியாமல் இருந்தது, இன்னும் உயிரோடு இருக்கிறாள் என்று நம்பி அவளுக்காக நானூறு மரத்துக்குள் காத்துக் கிடந்தது, உலகத்தில் இந்த ஒரு குடம் தண்ணீர் மட்டும்தான்.

"நில்லு" என்றாள் அங்காயி. "கொஞ்சம் நில்லு. பொய் சொன்னேன். தண்ணிக்குப் போயிருக்கா, இப்ப வந்துருவா. நில்லு."

உள்ளதைக் கேட்டுவிட்ட தண்ணீர் நிற்காது. அது படியை விட்டு இறங்கி, தெருவில் திரும்பி, பிள்ளைகளைப் புதைக்கிற மேட்டைப் பார்த்துப் போயிற்று. அங்காயி செருப்பில்லாமல் பின்னாலேயே ஓடினாள். இருபத்தாறு வருஷமாகச் சத்தமாகச் சொல்லாத பெயரைத் தெருவெல்லாம் கேட்கக் கூவிக்கொண்டு ஓடினாள். பவுனு, ஏ பவுனு, ஆத்தா பவுனு. அந்தப் பெயரில் இனி அதற்கு யாரையும் தெரியாது. மேட்டை ஒரு சுற்றுச் சுற்றியது, சரிவில் இறங்கியது, ஆற்றில் மற்ற தண்ணீரோடு கலந்துபோனது.